விளையாட்டும் குழந்தையின் மனநலமும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி சூழ்ந்த கரிசல் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் இங்குப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது தீப்பெட்டித் தொழில். சட்டத்தில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் நெடுங்காலம் சிறுவர்களும் அமர்த்தப்பட்டனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியில் அவர்களை ஈடுபடுத்துவதைத் தடுத்தது. பின்னர்ச் சிறப்புப் பள்ளிகளும் தோன்றின. ஆயினும் அச்சிறார் இழந்தது கல்வியை மட்டுமன்று; விளையாட்டையும் இழந்தனர். அவ்விழப்பு எத்துணைப் பெரிது என்பதை விளையாட்டுவழிச் சிகிச்சை நமக்கு உணர்த்துகிறது.

துயருற்ற பெரியோர் பிறரிடம் சொல்லி ஆறுவர். இளங்குழந்தைக்கோ தன் அச்சத்தையும் சினத்தையும் எடுத்துரைக்கச் சொல் போதாது. அது பொம்மையை அடிக்கும். மணல்வீட்டைக் கட்டி இடிக்கும். விளையாட்டே அதன் மொழி. இம்முறையை விளக்கி அமெரிக்க உளவியலார் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் நூல் எழுதினார். களிமண்ணும் பொம்மைகளும் வண்ணங்களும் உள்ள அறையில் குழந்தை தான் விரும்பியதைத் தேர்ந்து ஆடும். சிகிச்சையாளர் கட்டளையிடார், குறை கூறார், விரைவுபடுத்தார். "இந்தப் பொம்மைக்குக் கோபம் வந்திருக்கிறது" என்று, குழந்தை காட்டும் உணர்வுக்குப் பெயரிடுவார். தன் உள்ளம் ஒருவருக்குப் புரிந்தது, அதனால் தண்டனை வரவில்லை என்று அறிந்த குழந்தை அச்சத்தை மெல்ல மெல்ல ஆளக் கற்கிறது.

இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதற்குச் சான்று. போரால் துன்புற்ற தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கு ஒருங்கே கூடி, களிமண், ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றில் ஈடுபட்டனர்.

நம் இல்லக் குழந்தைகளுக்குப் போர்த்துயர் இல்லை. எனினும் தேர்வு அச்சமும், பாட்டனாரை இழந்த ஏக்கமும், ஊர் மாறிய தனிமையும் உண்டு. நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களருகே அமர்வோம். மழைக்குப்பின் பசைபோல் குழையும் கரிசல்மண்ணும் சில மரச்சொப்புகளுமே போதும். ஆட்டத்தைக் குழந்தையே நடத்தட்டும். அவ்வேளையில் பாடம் புகட்டவோ திருத்தவோ வேண்டா.

இது சிகிச்சைக்கு ஈடாகாது. உறக்கமின்மை, பேச்சுக் குறைதல், விளையாட்டையே வெறுத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுக. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். விளையாடும் குழந்தையை வீண்பொழுது போக்குவதாகக் கடிவதை இனியேனும் தவிர்ப்போம்.