மதிலுக்குள் தப்பிய காடு

(எட்டாம் வகுப்பு – சமூக அறிவியல் – உள்ளூர் வரலாறு)

"கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனோம் சார். ஊருக்கு நடுவுல எப்படி சார் காடு வந்துச்சு?" என்று திருமுடிவாக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள். "காடு வரவில்லை அம்மா, மிஞ்சி நின்றது" என்றேன். அன்றைய பாடம் அங்கே தொடங்கியது.

1670களில் ஆங்கிலேய ஆளுநர் வில்லியம் லாங்ஹார்ன், கோட்டையின் சந்தடிக்கு ஒதுங்கிக் கிண்டியில் ஓய்வு மாளிகை ஒன்றைக் கட்டினார். பலர் கைமாறிய அந்நிலத்தை 1821இல் அரசு வாங்கியது. அலுவல் இல்லம் அண்ணா சாலைப் பகுதியில். வார இறுதி ஓய்வு கிண்டியில். 1947க்குப் பின் கிண்டி மாளிகையே ஆளுநரின் நிலையான இல்லமாயிற்று.

ஆட்சியாளர்கள் ஒதுங்கி வாழ இடம் தேடுவது எங்கும் உண்டு. சோவியத் தலைவர் ஸ்டாலினுக்குச் சோச்சி மலைக்காட்டில் 1937இல் எழுந்த மாளிகைக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள், தொலைவிலிருந்து தெரியக் கூடாதென்று. இன்று அங்கே பொதுமக்கள் சுற்றிப் பார்க்கிறார்கள்.

கிண்டியிலும் மதில் மெல்லத் திறந்தது. சுமார் 505 ஹெக்டேர் வளாகத்திலிருந்து ஐ.ஐ.டி.க்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் நிலம் பிரிந்தது. எஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய சிறு துண்டு அது. வெளிமானும் புள்ளிமானும் அங்கே வாழ்கின்றன.

வகுப்பறைச் செயல்பாடு:

1. 505இல் 270 எத்தனை விழுக்காடு? (ஏறத்தாழ 53.)

2. தாம்பரம்–கடற்கரை ரயில் தடத்தை வரைந்து, கிண்டி நிலையத்தையும் பூங்காவையும் குறிக்கச் செய்க.

3. விவாதம்: "மதில் கட்டியது சரியா?"

விவாதத்தில் ஒரு மாணவன், "சனங்கள உள்ளே விடாதது தப்பு சார்" என்றான். கேள்வி கேட்ட மாணவியோ, "விட்டிருந்தா மான் இருந்திருக்குமா?" என்றாள். இரண்டுமே உண்மை. தீர்ப்பை நாம் சொல்லிவிட வேண்டாம், மாணவர்கள் வாதிடட்டும்.

இறுதியாக ஒன்று கேட்டேன்: "சிட்கோ தொழிற்பேட்டை வளரும் நம் ஊரில் எந்த நிலத்தை யாரும் கட்டாமல் விட வேண்டும்? மதில் இல்லாமல் அதைக் காப்பது எப்படி?" வகுப்பு அமைதியானது. மறுநாள் 4 பேர் ஊர் வரைபடத்தோடு வந்தார்கள். உங்கள் வகுப்பிலும் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.