கணக்குப் போட்டுப் பின்னுவோம்!

ஒர்க் ஷாப்பில் அளந்து கோடு போடாமல் இரும்பில் ரம்பம் வைப்போமா? மாட்டோம். ஆனால் என் முதல் குரோஷா ஸ்கர்ட்டுக்கு, புத்தகத்தில் இருந்த கண்ணி எண்ணிக்கையை அப்படியே போட்டேன். நாலு ராத்திரி உழைப்பு, தொடைக்கு மேலே ஏறவே இல்லை. பூராவும் பிரிச்சாச்சு!

முதலில் மாதிரி. அதே நூல், அதே ஊசியில் 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவே 10 செ.மீ.க்குள் எண்ணுங்கள். எனக்கு வந்தது டிரபிள் 15, வரிசை 8.

அடுத்து டேப். என் இடுப்பு 72 செ.மீ., சீட் 92, இடையே இறக்கம் 20.

இனி கணக்கு:
இடுப்பு: 72 × 15 ÷ 10 = 108 கண்ணி.
சீட்: 92 × 15 ÷ 10 = 138 கண்ணி.
இறக்கம்: 20 × 8 ÷ 10 = 16 வரிசை.

கூட்ட வேண்டியது 30. மூன்று வரிசைக்கு ஒருமுறை, சம இடைவெளியில் 6 இடத்தில் ஒரே கண்ணிக்குள் இரண்டு டிரபிள் போடுங்கள். 5 தடவையில் முடிந்துவிடும்.

இந்த 16 வரிசையையும் திருப்பித் திருப்பிப் பின்னி, பக்கத்தில் திறப்பு விட்டுப் பட்டன் வையுங்கள். இல்லாவிட்டால் 72-க்குள் 92 எப்படி நுழையும்? பிறகு வட்டமாகச் சேர்த்து முழங்கால் வரை இறக்குங்கள்.

மாதிரிக்கு ஒரு மணி நேரம் போகும். போகட்டும், நாலு ராத்திரி மிச்சம்!