கரையைத் தாண்டியா வந்தது வெள்ளம்?

2005 ஆகஸ்ட் 29 அன்று காட்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லாமல் இருப்பதில்லை: “தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிந்துவிட்டது. இயற்கை சீறினால் மனிதனால் என்ன செய்ய முடியும்?” மண்ணைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை: வெள்ளம் கரைகளைத் தாண்டியதால் நகரம் மூழ்கியது.

உண்மை: கிழக்குப் பகுதியில் தாண்டியது, மறுக்கவில்லை. ஆனால் நகரின் நடுப்பகுதியை மூழ்கடித்த 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. அதற்குள் சுவர்கள் சாய்ந்துவிட்டன. மண்கரையில் இரும்புத் தகடுகளை இறக்கி, அவற்றின் மேல் எழுப்பிய கான்கிரீட் சுவர்கள் அவை. 17ஆம் தெருவில் தண்ணீர் தள்ளத் தள்ளச் சுவர் வளைந்தது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அதற்குள் நீர் இறங்கி அழுத்த, கீழே இருந்த இளகிய களிமண்மீது கரையே வழுக்கிப் பின்வாங்கியது. லண்டன் அவென்யூவில் அடியில் கிடந்தது மணல். நீர் அதன் வழியாக ஊறிப் புகுந்தது.

கரையின் பாரத்தில் அமுங்கி இறுகிய நடுப்பகுதிக் களிமண்ணின் வலுவையே ஓரத்து இளகிய மண்ணுக்கும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். இதுவா இயற்கையின் சீற்றம்? அந்தக் கரைகளைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையே வடிவமைப்புக் குறைகளை 2006இல் ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டியவர்களே ஏற்றுக்கொண்ட தவறுக்கு நாம் ஏன் புயலைக் குற்றவாளி ஆக்க வேண்டும்?

நம்பிக்கை: கரைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

உண்மை: 1927 வெள்ளத்தில் நகரைக் காக்க, ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள கெர்னார்வனில் கரையை உண்மையாகவே வெடிவைத்துத் திறந்தார்கள். அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆனால் 2005இல் அப்படி நடந்ததற்கு ஆதாரம் இல்லை.

நம்பிக்கை: நகரம் முழுவதும் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

உண்மை: ஏறக்குறைய பாதி நிலம் கடல்மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கிறது.

நம்பிக்கை: ‘நூறாண்டு வெள்ளம்’ வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை.

உண்மை: ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் அடைந்து முடிவதற்குள் அது வந்துவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்.

கரை எத்தனை அடி உயரம் என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அடியில் என்ன மண்? எத்தனை இடத்தில் துளையிட்டுப் பார்த்தார்கள்? கடைசியாகச் சோதித்தது எப்போது? இவற்றைக் கேளுங்கள். மண்சோதனை அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காத எந்தக் கரைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் தரக் கூடாது. எந்த நாட்டுக் கரையானாலும் இதைச் சட்டமாக்க வேண்டும்.