வாக்கியக் கணிதமும் ஐரோப்பிய வானியலும்: புதுச்சேரிச் சான்றுகள் இரண்டு

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற புதிய வானியல், கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தை நேர்நின்று சந்தித்தது. வெள்ளி ஞாயிற்றைக் கடப்பதை அளந்து ஞாயிற்றின் தொலைவை அறியலாம் என ஹாலி 1716இல் முன்மொழிந்தார். அதன்பொருட்டு வந்த பிரெஞ்சு வானியலர் லெ ழாந்திக்கு 1769 ஜூனில் மேகம் வானை மறைத்துவிட்டது. எனினும் அங்கிருந்த தமிழரிடம் அவர் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாளைய சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிப்பு 41 நொடி குறைவாகவும், மேயரின் அட்டவணை 68 நொடி மிகுதியாகவும் காட்டின என்பது அவர்வழி அறியப்படும் செய்தி. பெருமிதத்தோடு எடுத்தாளப்படுவது இதுவே.

ஜான் வாரன் 1825இல் ‘காலசங்கலித’த்தில் தரும் சான்றோ அத்துணை பேசப்படுவதில்லை. புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளைத் தரையில் பரப்பிச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

ஒற்றைக் கிரகணத்தின் நொடிக்கணக்கு ஒரு மரபின் துல்லியத்தை நிறுவாது. 52 நிமிடப் பிழையும் அதனைத் தள்ளிவிடப் போதாது. நோக்கத்தக்கது கணிதத்தின் வடிவமே. 248 நாளுக்குரிய சந்திர வாக்கியங்களில் எண்கள் எழுத்துகளாகிச் சொற்றொடர்களாக நிற்கின்றன. அதனாலேயே அவை ஏடின்றியும் நிலைத்தன. திருத்த வேண்டின் சொல்லையே மாற்றி யாக்க வேண்டும். கேரளத்துச் சங்கமகிராம மாதவர் அவ்வாறு யாத்தார். தமிழகப் பஞ்சாங்க மரபு வரருசி வாக்கியங்களையே போற்றிவந்தது.