நாண் தொடும் இடம்

அன்புள்ள மாப்பிள்ளை,

"மாமா, மான் வேட்டைக்கு லாங்போ வாங்கவா, ரிகர்வ் வாங்கவா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பதிலையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் எனக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொன்னவரை நம்பி 55 பவுண்டு இழுவிசை கொண்ட வில் ஒன்றை வாங்கினேன். ஒரே மாதத்தில் வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியாமல், அந்தக் குளிர்காலம் முழுக்க உன் அத்தைதான் மாட்டிவிட்டாள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

நாண் பூட்டிய வில்லைப் பக்கவாட்டில் வைத்துப் பார். லாங்போவில் நாண் இரண்டு முனைகளிலும் உள்ள வெட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கும். வேறெங்கும் வில்லைத் தொடாது. ரிகர்வில் முனைகள் இரண்டும் முன்பக்கம், அதாவது மான் நிற்கும் பக்கம், சுருண்டிருக்கும். அதனால் நாண் கடைசிச் சில அங்குலங்கள் வில்லின் மேலேயே படிந்து கிடக்கும். காலண்டரில் ராமர் கையில் பார்த்திருப்பாயே, அந்த ஜாதி. இரண்டு வில்லுக்கும் உள்ள வித்தியாசங்களில் பெரும்பாலானவை நாண் தொடும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் வேகம். ரிகர்வை இழுக்க இழுக்க, படிந்து கிடந்த நாண் உரிந்து எழும்பும். விசை ஆரம்பத்திலேயே சேர்ந்துவிடும், கடைசி அங்குலங்களில் கை திடீரென்று கனக்காது. ஒரே பவுண்டில் ரிகர்வ் அம்பைக் கொஞ்சம் வேகமாக அனுப்பும். கடைக்காரர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காரணம் கேள்.

இந்த இரண்டு வகை வில்லிலும் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 150 முதல் 190 அடி வரை போகும். ஒலி போவது 1,100 அடி. மான் 20 கெஜத்தில், அதாவது 60 அடியில் நிற்கிறது என்று வை. நாணின் சத்தம் அதன் காதுக்குப் போய்ச்சேர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும். அந்த இடைவெளியில் வெள்ளைவால் மான், ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடம்பை ஒரு சாண் தாழ்த்திவிடும்; அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். பத்து அடி வேகம் கூடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சத்தம் குறைந்தால் மாறும். லாங்போவில் நாண் வந்து அடிக்க இடமே இல்லை, அதனால் அது இயல்பிலேயே அமைதியான வில். ரிகர்வில் நாண் திரும்பி வந்து வளைவில் 'டப்' என்று அறையும். நாணில் இரண்டு இடத்தில் கம்பளி நூலோ பீவர் ரோமமோ கட்டி, கனமான அம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

லாங்போவுக்கும் ஒரு குறை உண்டு. விட்டதும் கையில் உதறும். பழைய பாணியில் நேராகச் செய்ததென்றால் முழங்கை வரை தெரியும். அதோடு பிடியும் வேறு. லாங்போவைச் சூட்கேஸ் கைப்பிடி மாதிரி உள்ளங்கை அடிவரை பதித்துப் பிடிக்க வேண்டும். ரிகர்வின் பிடி துப்பாக்கிப் பிடி மாதிரி செதுக்கியிருக்கும். கை தினமும் ஒரே இடத்தில் போய் உட்காரும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இது லேசான உதவி இல்லை.

இந்த ஊரில் இரண்டு கட்சி உண்டு. லாங்போ கட்சியின் குலதெய்வம் அலபாமாக்காரர் ஹோவர்ட் ஹில் (1899–1975). 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் அம்பு விட்டவர் அவர். மூங்கில் பட்டைகளை ஒட்டி அடுக்கிச் செய்த வில்களை அவர் விரும்பினார். நம்மூர்க்காரனான எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். ரிகர்வ் கட்சிக்கு ஃபிரெட் பேர் (1902–1988). அவருடைய தொழிற்சாலை நம் மிச்சிகனிலேயே, கிரேலிங்கில்தான் வெகுகாலம் இருந்தது. இருவரும் அவரவர் வில்லால் எல்லாமே வேட்டையாடிவிட்டார்கள். ஆக, பெயர்களை வைத்துச் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த ஆங்கிலேய நெடுவில்கள் 100 பவுண்டுக்கு மேல் இழுத்தவை என்று யாராவது உன்னை உசுப்பிவிட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடு. அவை போர் வில்கள். அந்த இங்கிலாந்திலேயே இன்று வில்வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை.

இனி நீளம். என் லாங்போ 66 அங்குலம். போன அக்டோபரில் ஒரு விடியலில் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தேன். பெண்மான் ஒன்று 15 கெஜத்துக்கு வந்து, இலைச்சருகை முகர்ந்துகொண்டு நின்றது. முழங்காலை அசைக்காமல் வில்லை மெல்லத் திருப்பினேன். கீழ்முனை பரணின் இரும்புக் கம்பியில் 'டிக்' என்று பட்டது. அவ்வளவுதான். தலை நிமிர்ந்தது, முன்னங்காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது, மூக்கால் சீறியது. காடே விழித்துக்கொண்டது. 58 அங்குல ரிகர்வ் இருந்திருந்தால் கம்பி தடுத்திருக்காது.

அதற்காக உனக்கு 58 வேண்டாம். நீ ஆறடி. போன தடவை அளந்தபோது உன் இழுப்பு 30 அங்குலம் வந்தது. அந்த இழுப்புக்குக் குட்டையான வில்லில் நாண் கூர்கோணமாக மடங்கி விரல்களை நசுக்கும். விரல் சுத்தமாக விடாது. இன்னொன்று: வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் இரண்டரை பவுண்டு கூடும். 40 என்று எழுதியது உன் கையில் 45. வெள்ளைவால் மானுக்கு அது தாராளம், அம்பு முனையின் அலகு சவரக்கத்தி போல இருந்தால். அம்பு ரத்தத்தை வடித்துத்தான் கொல்லும், குண்டு மாதிரி அடித்துச் சாய்க்காது. நம் மாநிலச் சட்டப்படி அலகின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம்.

நான் எய்வது லாங்போ. இருந்தும் உனக்கு நான் சொல்வது 62 அங்குல ரிகர்வ். மூன்று துண்டாகக் கழற்றும் வகை, பழையதே போதும். நடுக்கட்டை ஒன்று, வில்லின் கைகள் இரண்டு ஜோடி: 30 பவுண்டு ஒன்று, 40 பவுண்டு ஒன்று. இந்தக் கோடை முழுக்க 30இல் பழகு. தோள் ஒப்புக்கொண்டதும் 40ஐ மாட்டு. லாங்போவில் இந்த வசதி கிடைப்பது அரிது. நீ குறைந்த பவுண்டில் ஒன்று, கூடுதலில் ஒன்று என்று இரண்டு வில் வாங்க வேண்டிவரும். உன் ஸ்டைபெண்ட் எனக்குத் தெரியும்.

பழைய வில் வாங்கும்போது நாண் பூட்டி, முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார். நாண் இரண்டு வளைவிலும் நடுவில் படிய வேண்டும். ஓரம் ஒதுங்கினால் வில்லின் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது, வாங்காதே. காலுக்கிடையில் மாட்டி நாண் பூட்டுகிறவர்கள்தான் இப்படி முறுக்குவார்கள். அதற்கென்று கயிறு விற்கிறது, அதையும் சேர்த்து வாங்கு. வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டு வராதே.

இந்தியாவில் வேட்டையைச் சட்டமே தடுத்திருப்பதால், நீ வேட்டைக்குக் கிளம்புகிறாய் என்றால் அக்கா பயப்படுவாள். பாதுகாப்பு வகுப்பு முடித்து, உரிமம் எடுத்த பிறகு அவளிடம் நானே பேசுகிறேன்.

வில் சீசன் அக்டோபர் 1இல் திறக்கிறது. செப்டம்பர் கடைசி வாரம், தினமும் காலையில் எழுந்ததும் 15 கெஜத்தில் ஒரே ஒரு அம்பு விடு. ஏழு நாளும் அந்த முதல் அம்பு பேப்பர் தட்டுக்குள் விழ வேண்டும். ஒருநாள் தவறினாலும் இந்த வருஷம் என்னோடு வந்து உட்கார்ந்து பார். வில் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா