பரதேசி என்னும் சொல்

தெருவில் தமிழும் இல்லத்தில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இராசபாளையத்தில் பல உள. அவர்தம் முன்னோர் தெலுங்கு நாட்டினின்றும் போந்தவர். அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளின் வரலாற்றைக் கிருட்டிணதேவராயர் தெலுங்கிற் காவியமாக்கினார். ஆதலின் பிறமண்ணில் ஒரு குடி வேரூன்றுதல் இவ்வூரார்க்குப் புதுமையன்று.

மேற்குமலைக்கு அப்பால், சேரநாட்டில், யூதரும் அவ்வாறே வேரூன்றினர். கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் திருக்கோயிலை அழித்தனர். முன்னரே பல நாடுகளிற் பரவியிருந்த யூதர் மேலும் சிதறினர். அச்சிதறலைக் குறிக்கும் 'தயசுபோரா' என்னும் கிரேக்கச் சொல் வித்துத் தூவுதலை நினைவூட்டுவது. 'காலூத்து' என்னும் எபிரேயச் சொல்லோ நாடு கடத்தப்படுதலைக் குறிப்பது. ஒன்றில் முளைக்கும் நம்பிக்கை உண்டு. மற்றொன்றில் மீளும் ஏக்கமே உண்டு.

கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேரவேந்தன் பாஸ்கர இரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேடு அளித்தான். அது வட்டெழுத்தில் அமைந்தது. பாண்டிநாட்டிலும் முற்காலத்து அவ்வெழுத்தே வழங்கிற்று. 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகர் குழுவின் உரிமையோடு 72 சிறப்புரிமைகள் அவனுக்குக் கிடைத்தன. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை முதலியன அவற்றுட் சில. வடுகர் என்பார் தெலுங்கர். தெலுங்கர் பறையை யூதன் முழக்கத் தமிழ்ச்சேரன் இசைந்தமை வியப்பன்றோ!

யூதர் தொழுமிடத்தை மலைநாட்டார் 'பள்ளி' என்றனர். கிறித்தவர், இசுலாமியர் தொழுமிடங்கட்கும் அச்சொல்லே வழங்கிற்று. அங்கே பேழையில் வைத்துப் போற்றப்படும் தோற்சுருள் 'தோரா'. அது மோசேயின் ஐந்நூல். வெள்ளி அந்தி முதல் சனி அந்தி வரை உள்ள ஓய்வுநாள் 'சாபத்து'.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பள்ளிக்குப் 'பரதேசிப் பள்ளி' என்பது பெயர். பரதேசி என்பான் பிறநாட்டான். தமிழில் இரவலனைக் குறித்து இழிந்த இச்சொல், ஆங்குப் பெருமைக்குரியதாயிற்று. பிற்காலத்து வந்த பரதேசி யூதர், தமக்கு முன்னரே அங்கு வாழ்ந்த மலபார் யூதரை ஒப்பாகக் கொண்டிலர். அடிமை நீங்கியோரின் வழியினரை 'மெசுகுராரிம்', அஃதாவது விடுவிக்கப்பட்டோர், என அழைத்தனர்; ஆயினும் பள்ளியினுள் அவர்க்குச் சம இருக்கை தந்திலர். துரத்தப்பட்டோரே பிறரை விலக்கிய கொடுமை இது. அம்மரபிற் பிறந்து, சென்னையிற் சட்டம் பயின்ற ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்தியடிகள் வழியில் அறப்போர் செய்தார். தடைகள் மெல்லத் தளர்ந்தன. யூதத்தெருவில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

1948-இல் இசுரேல் நாடு உருவாயிற்று. அதன்பின் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். அப்பயணத்தின் பெயர் 'அலியா'. ஏறுதல் என்பது அதன் பொருள். மூதாதையர் மண்ணை அடைந்த அவர்களை அங்குள்ளோர் 'கொச்சினிம்' என்றனர். கொச்சிக்காரர் என்பது அதன் பொருள்.