வீடு தேடி வரும் தாதிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் மூன்று வயது மகனுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பால் கொடுப்பது மூக்கு டியூப் வழியாகத்தான். பேராதனை சிறுவர் வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி அனுப்பும்போது, சளியை மெஷினால் உறிஞ்சி எடுக்க எனக்குப் பழக்கித் தந்தார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போயே ஆக வேண்டும். கண்டியிலுள்ள ஒரு முகவர் நிலையம், பகல் 12 மணி நேரத்துக்குத் ‘தாதி’ ஒருவரை அனுப்புவதாகச் சொல்கிறது. பதிவு செய்த நிறுவனம் என்று சான்றிதழும் காட்டினார்கள். ஆனால் ஒப்பந்தத்தில், நோயாளிக்கு ஏற்படும் எந்தப் பாதிப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? சட்டப்படி இவர்களிடம் என்னென்ன இருக்க வேண்டும்?
- வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: இப்போது இருக்கிற வடிவில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அவர்கள் காட்டிய சான்றிதழை எடுத்துக்கொள்வோம். அதன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான கூட்டிணைப்புச் சான்றிதழாகவோ இருக்கும். இரண்டும் இந்தப் பெயரில் ஒரு வியாபாரம் நடக்கிறது, இன்னார் அதற்குச் சொந்தக்காரர் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. இரும்புக் கடைக்கும் அதே தாள்தான் கொடுக்கப்படுகிறது. அதைக் கொடுத்த அதிகாரி, அங்கே வேலை செய்பவர்களுக்குச் சளி உறிஞ்சத் தெரியுமா என்று பார்த்திருக்க மாட்டார். அது அவருடைய வேலையும் அல்ல. ‘பதிவு செய்த நிறுவனம்’ என்ற சொல்லை நம்பித்தான் பல பெற்றோர் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது பதிவு இருக்கிறதா என்பதை அல்ல, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வேலைக்காகப் பெற்ற பதிவு என்பதை.

சுகாதார சேவைக்கு உரிய சட்டம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டம். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையை உருவாக்கியது அதுதான். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சிக்கல் வரைவிலக்கணத்தில் இருக்கிறது. நோயாளிகளை ஏற்று, அவர்களுக்கு மருத்துவமும் தாதிப் பராமரிப்பும் அளிக்கும் இடம் என்பதே அதன் அடிப்படை எண்ணம். வைத்தியசாலை, மகப்பேற்று இல்லம், ஆய்வுகூடம், ஆலோசனை அறை என்று அது பெயர் சொல்வன எல்லாம் நாற்சுவர் உள்ள இடங்கள். உங்கள் முகவர் நிலையத்துக்கு இருப்பது ஒரு மேசையும் தொலைபேசியும்தான். பராமரிப்பு நடப்பது உங்கள் வீட்டுக் கட்டிலில். “எங்களிடம் நோயாளி யாரும் இல்லை, ஆகவே இந்தச் சட்டம் எங்களைத் தொடாது” என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது. அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. தாதிப் பராமரிப்பைப் பணத்துக்கு வழங்கும் அமைப்பைக் கண்காணிப்பது சட்டத்தின் நோக்கமாக இருக்கும்போது, கட்டில் எந்தக் கூரையின் கீழ் கிடக்கிறது என்பதை வைத்து அந்த அமைப்பை வெளியே விடுவது நோக்கத்துக்கே எதிரானது. இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம் கட்டடத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தது. இன்ன இன்ன பராமரிப்பைச் செய்பவர், அதை ஒருவரின் வீட்டுக்கே போய்ச் செய்தாலும், பராமரிப்புத் தர ஆணைக்குழுவில் பதிவு பெற்றாக வேண்டும். நமது சட்டமும் அப்படித் தெளிவாகப் பேச வேண்டும். அதுவரை ஒரு வரைவிலக்கணத்தின் பொருள்கோடலை நம்பி உங்கள் மகனை விட முடியாது. பேரவையின் நடப்பு ஆண்டுப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நல்லது. காட்டாவிட்டால், சட்டம் வற்புறுத்தாததை ஒப்பந்தம் வற்புறுத்தும்படி எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்ல வருவது முழுவதும் இதுதான்: இத்தகைய சேவைக்கு வேண்டிய தகைமைகளில் பெரும்பகுதியை இன்றைய நிலையில் பெற்றோரின் ஒப்பந்தமே விதிக்க வேண்டியிருக்கிறது, அதைப் பிள்ளையை ஒப்படைப்பதற்கு முன்பே விதிக்க வேண்டும்.

அடுத்தது, வரப்போகும் ஆள். வெள்ளை உடை அணிந்த எல்லோரும் தாதியர் அல்லர். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டம் தாதியருக்கென ஒரு பதிவு முறையை ஏற்படுத்தியிருக்கிறது. பதிவு பெற்ற தாதிக்கு இலக்கம் இருக்கும், அதைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. முகவர் நிலையங்கள் அனுப்புபவர்களில் பலர் பராமரிப்பாளர்கள். சிலரிடம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., இருக்கும், சிலர் சில வாரப் பயிற்சியோடு வருபவர்கள். குளிப்பாட்ட, உடை மாற்ற, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள நல்ல பராமரிப்பாளர் தாராளமாகப் போதும். உங்கள் மகனுக்கு வேண்டியது அதற்கு மேற்பட்டது. தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சும்போது கதீட்டரை எவ்வளவு ஆழம் விடலாம் என்பதற்குக் குழாயின் நீளத்தை ஒட்டி அளவுண்டு. ஒரு தடவை உறிஞ்சுவது சில விநாடிகளைத் தாண்டக் கூடாது. உதடு நீலம் பாரித்தால் அடுத்த நிமிடம் என்ன செய்வது என்று கை அறிந்திருக்க வேண்டும். அதே அளவில் ஒரு மாற்றுக் குழாயும், ஓர் அளவு சிறியதில் இன்னொன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூக்கு டியூப்பில் பால் விடுமுன், அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்று உள்ளிருந்து சிறிது திரவத்தை இழுத்து அமிலத்தன்மையைப் பார்க்க வேண்டும். டியூப் இடம் மாறி நுரையீரலுக்குள் பால் போனால் திருத்த முடியாத கேடு வரும். ஆகவே ஒப்பந்தத்தில் ‘தாதி ஒருவர்’ என்ற சொல் போதாது. வருபவரின் பெயர், பதிவு இலக்கம், சிறுவர் பராமரிப்பில் அவருக்குள்ள அனுபவம், அவர் செய்யப்போகும் வேலைகள், அவர் வராத நாளில் அதே தகைமையோடு யார் வருவார் என்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வைத்தியசாலை தந்த நோய் நிர்ணய அட்டையின் பிரதியை இணைத்து, அதிலுள்ள பராமரிப்புக் குறிப்புகளின்படியே வேலை நடக்கும் என்று ஒரு வரி சேருங்கள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால், வருபவருக்குத் தெரிந்த மொழியில், சிங்களமோ தமிழோ, எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிடுங்கள்.

முகவர் நிலையம் இதற்குச் சொல்லும் முதல் மறுப்பு, தாங்கள் ஆளைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் மட்டுமே, வேலை செய்பவர் சுயமாகத் தொழில் செய்பவர் என்பது. இது உண்மையானால், ஏதும் நடந்தால் நீங்கள் துரத்த வேண்டியது மாதச் சம்பளத்தில் வாழும் ஓர் ஏழைப் பெண்ணை. நட்டஈடு கொடுக்க அவரால் முடியாது. உண்மையா என்பதை நீதிமன்றம் தாளிலுள்ள பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாது. சம்பளம் கொடுப்பவர் யார், நேரத்தை ஒதுக்குபவர் யார், சீருடை யாருடையது, வேலையை விட்டு நீக்குபவர் யார் என்றெல்லாம் பார்க்கும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். கட்டினால் அவர் அவர்களுடைய ஊழியர். வேலை நேரத்தில், வேலையின் போக்கில் ஊழியர் செய்யும் கவனக்குறைவுக்குத் தொழில்கொள்வோர் பொறுப்பு என்பது நமது நீதிமன்றங்களில் நிலைபெற்ற விதி. கட்டவில்லை என்றால், ஏன் கட்டவில்லை என்ற கேள்வியே அந்த நிறுவனத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இரண்டாவது, உங்களை உறுத்திய அந்த வரி. பெற்றோரை வாய் மூட வைப்பதற்கே அது அங்கே இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, வியாபாரம் செய்பவர் ஒருவர் தமது கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்த வரியால் தட்டிக்கழிக்க முடியாது. அப்படியானால் கையெழுத்துப் போட்டால் என்ன, வரிதான் செல்லாதே என்று நீங்கள் கேட்கலாம். செல்லாது என்பது வழக்குப் போட்டு வென்ற பிறகு தெரியவரும் உண்மை. அதற்கு முன்னால், “கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப அந்த வரி போதும். வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுங்கள். வெட்ட மறுக்கும் நிறுவனம், தன் ஆள்மீது தனக்கே நம்பிக்கை இல்லை என்று உங்களுக்கு அறிவிக்கிறது.

நடந்தபின் நீதிமன்றம் இருக்கிறதே என்ற எண்ணத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்த நாட்டில் சிறுவர் மருத்துவத்தில் மிக அதிகம் பேசப்பட்ட வழக்கு பிரியானி சொய்சா எதிர் அரசகுலரத்ன. மூளைத் தண்டில் கட்டி வந்து இறந்த ஒரு சிறுமியின் தந்தை, சிகிச்சையளித்த வைத்தியர்மீது தொடர்ந்த வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை ஏற்றாலும் தொகையைப் பெருமளவு குறைத்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், நோயை அறிவதில் கவனக்குறைவு இருந்ததை ஏற்றுக்கொண்டது; ஆனால் அந்தக் கவனக்குறைவுதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. பெற்றோரின் துயரத்துக்கு, பண இழப்பாகக் கணக்கிட முடியாத இழப்புக்கு, நமது உரோம - டச்சுச் சட்டத்தில் கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்துக்கான அக்கிலிய வழக்கில் நட்டஈடு இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்து கிடைத்த பாடம். ஏற்கெனவே கடும் நோயுள்ள ஒரு பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால், நோயால்தான் நேர்ந்தது என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லும். அதை உடைக்கும் சுமை உங்களுடையது. பகலில் வீட்டில் பிள்ளையும் பராமரிப்பவரும் மட்டும் இருக்க, சாட்சி யார்? அதனால்தான் ஒரு பதிவுக் கொப்பி அவசியம். எத்தனை மணிக்குச் சளி எடுக்கப்பட்டது, எவ்வளவு பால் கொடுக்கப்பட்டது, ஆக்சிஜன் அளவு என்ன, ஏதும் வித்தியாசம் தெரிந்ததா என்று அன்றன்றே எழுதிக் கையொப்பமிட வேண்டும். மாலையில் நீங்கள் பார்த்து உங்கள் கையொப்பத்தையும் இட வேண்டும். அந்தக் கொப்பி உங்களுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நல்ல தாதிக்கு அதுவே பாதுகாப்பும் ஆகும். பொய்யான குற்றச்சாட்டிலிருந்து அவரைக் காப்பாற்றுவது அவர் கைப்பட எழுதிய குறிப்புத்தான்.

இவ்வளவும் கேட்டால் ஆளே கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்பது நியாயமான மறுப்பு. பதிவு பெற்ற தாதியைப் பகல் முழுவதும் வைத்திருக்கும் வசதி கண்டியில் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? ஆனால் தகைமையைக் குறைப்பதால் செலவு குறைவதில்லை, ஆபத்துத்தான் பிள்ளையின் பக்கம் தள்ளிவிடப்படுகிறது. வேலையைப் பிரியுங்கள். உங்கள் பணியிடங்களில் நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால், டியூப்பில் பால் கொடுப்பதையும் குழாய்ப் பராமரிப்பையும் பயிற்சி பெற்ற பெற்றோரில் ஒருவரோ, குறித்த நேரத்துக்கு வரும் பதிவு பெற்ற தாதியோ செய்ய, மீதி நேரத்துக்குப் பராமரிப்பாளர் இருக்கலாம். ஆனால் சளி நேரம் பார்த்து அடைப்பதில்லை. ஆகவே அந்தப் பராமரிப்பாளரையும் அவசரத்துக்குச் சளி உறிஞ்சவும் மாற்றுக் குழாய் போடவும் வைத்தியசாலையிலேயே பழக்க முடியுமா என்று வார்ட்டில் கேளுங்கள். அந்தப் பயிற்சி இல்லாதவரை உங்கள் மகனோடு ஒரு மணி நேரம்கூடத் தனியே விடாதீர்கள். வருபவர் மலையகத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம்பெண்ணாக இருந்தால் அடையாள அட்டையைப் பாருங்கள். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. என் கருத்தில் 18க்குக் கீழ்ப்பட்ட யாரிடமும் இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. அது உங்கள் மகனுக்கும் அநியாயம், அந்தப் பிள்ளைக்கும் அநியாயம்.

நடத்தையைப் பற்றிய சான்றுகளில் ஓர் எச்சரிக்கை. கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், இவர் இந்தப் பிரிவில் வசிக்கிறார் என்பதற்கு நல்ல அத்தாட்சி. குற்றப் பதிவு இல்லை என்பதற்கு அது ஈடாகாது. பொலிஸ் அறிக்கையையும், முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளின் தொலைபேசி இலக்கங்களையும் கேட்டு நீங்களே பேசுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தம் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்கினாலோ, கொடுமைப்படுத்தினாலோ, கவனியாது விட்டாலோ, தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி அது சிறுவர் கொடுமை. 2 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு. தாய் தகப்பனைப் போலவே சம்பளத்துக்குப் பார்ப்பவரையும் அது பிடிக்கும். சந்தேகம் வந்தால் 1929க்கு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, அழையுங்கள்.

முகவர் நிலையம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிவு பெற்றதா என்பதை அவர்கள் வாயால் மட்டும் கேட்டு நம்ப வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பேரவையின் தகவல் அலுவலரிடமோ, கண்டியிலுள்ள மத்திய மாகாண சுகாதார சேவைகள் திணைக்களத்திலோ எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தாதி என்று சொல்லித் தாதியல்லாதவரை அனுப்பினால் அது பாவனையாளரை ஏமாற்றும் செயல். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், 1977க்கும் அழைக்கலாம். எழுத்து முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் கெடு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். அங்கே போவதற்குப் பிரச்சினை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தை எடுத்துச் சென்று காட்டலாம்.